தோலுக்கடியில் ஒரு சிமிழ்

ஆரணிப் பட்டுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள அந்த ஊரின் தறிகளிலிருந்து இறங்கும் புடவைகள் தமிழ் நாட்டில் எத்தனையோ மணப் பந்தல்களைப் பார்த்திருக்கின்றன. ஆனால் இந்த வாரம் நாம் பேசப் போவது புடவையைப் பற்றி அன்று. புடவை நெய்கிறவர்கள் வீட்டிலும், அதை உடுத்துகிறவர்கள் வீட்டிலும், அழைப்பில்லாமலே நுழைந்துவிடக் கூடிய ஒரு வியாதியைப் பற்றியும், அந்த வியாதி போன பிறகு உடம்பில் தங்கிவிடும் ஒரு சிறு கருவியைப் பற்றியும்தான்.

புற்றுநோய் என்று தெரிந்தவுடன் ஆரணியிலிருந்து புறப்படுகிற குடும்பங்கள் அநேகமாய் மூன்று திசைகளில் ஒன்றை நோக்கிப் போகின்றன. சுமார் 40 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள வேலூருக்குப் போவார்கள். காஞ்சீபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் 1969-ம் வருஷம் ஏற்பட்ட அரசாங்க அண்ணா நினைவுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அல்லது சென்னை அடையாற்றுக்குப் போவார்கள். அங்கே மாதக் கணக்கில் மருந்து ஏறுகிறது. தலைமயிர் உதிர்கிறது; நாக்குக்கு ருசி போகிறது; தறி நிற்கிறது; கடன் ஏறுகிறது. பிறகு ஒரு நாள் டாக்டர், “சிகிச்சை முடிந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து வந்து காட்டுங்கள்” என்று சொல்கிறார். அந்த வார்த்தையைக் கேட்ட குடும்பத்தாருக்கு உண்டாகும் ஆனந்தத்தை யார் வர்ணிக்க முடியும்? தேங்காய் உடைக்கிறார்கள், நேர்த்திக் கடன் செலுத்துகிறார்கள், நின்ற தறியைத் துடைத்து மறுபடியும் நாடாவை ஓட்டுகிறார்கள்.

இந்த ஆனந்தத்தில் ஒரு விஷயம் மறந்து போகிறது. மருந்து ஏற்றுவதற்காகக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், டாக்டர்கள் ஒரு சிறு சிமிழைப் பதித்திருந்தார்கள் அல்லவா? சிகிச்சை முடிந்ததே ஒழிய, அந்தச் சிமிழ் இன்னும் இருந்த இடத்திலேதான் இருக்கிறது. அதை வைத்துக் கொள்வதா, எடுத்துவிடுவதா? வைத்துக் கொள்வதானால் எப்படிப் பராமரிப்பது? இந்தக் கேள்விகளைச் சிகிச்சையின்போது கேட்கத் தோன்றுவதில்லை; சிகிச்சை முடிந்த பிறகு கேட்க ஆள் கிடைப்பதில்லை. ஆகவே இங்கே சற்று விவரமாகவே பார்ப்போம்.

சிமிழ் என்பது என்ன?

ஆஸ்பத்திரியில் இதைக் ‘கீமோ போர்ட்’ என்பார்கள். பழைய வெள்ளி ரூபாயின் அகலமுள்ள ஒரு சிறு டப்பி என்று நினைத்துக் கொள்ளுங்கள். அது டைட்டேனியம் என்னும் உலோகத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டது. மூடி மாத்திரம் சிலிக்கோன் என்கிற ரப்பர் போன்ற பொருளால் ஆனது. டப்பியின் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் புறப்பட்டு, கழுத்திலோ காறை எலும்புக்கடியிலோ உள்ள ஒரு பெரிய இரத்தக் குழாய்க்குள் நுழைந்து, இருதயத்துக்குச் சற்று மேலே போய் நிற்கிறது. வெளியே ஒன்றும் தொங்குவதில்லை. தோலின் மேல் ஒரு சிறு மேடு தெரியும், அவ்வளவுதான். ரவிக்கை அணிந்தால் அதுவும் மறைந்துவிடும்.

கையிலேயே ஊசி போட்டு மருந்து ஏற்றக் கூடாதா என்று கேட்கலாம். ஏற்றலாம்; ஏற்றியும் வருகிறார்கள். ஆனால் இந்த மருந்துகளில் சில மிகவும் உக்கிரமானவை. கையிலுள்ள சிறு நாளங்கள் அவற்றைத் தாங்காமல் கருத்து இறுகிப் போகும். மருந்து நாளத்தை விட்டு வெளியே கசிந்தாலோ, சதையே வெந்து புண்ணாகிவிடும். இருதயத்துக்கு மேலுள்ள பெரிய நாளத்திலோ நிமிஷத்துக்குச் சுமார் 2 லிட்டர் இரத்தம் ஓடிக் கொண்டிருக்கிறது. அங்கே விழும் மருந்து, ஆற்றில் விழுந்த சாயம் போல் உடனே கரைந்து நீர்த்துவிடுகிறது. நாளத்துக்குக் கெடுதி இல்லை.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1929-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்தில் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் டாக்டர், தம்முடைய கை நாளத்திலேயே ஒரு குழாயைச் செலுத்தி, அதை இருதயம் வரையில் தள்ளிக் கொண்டு, தாமே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் பிடித்துக் கொண்டார். அன்று அவருக்குக் கிடைத்தது பரிகாசம். நோபல் பரிசு கிடைத்தது 1956-ல். அதன் பிறகு 1970-க்கு மேல், மார்பில் நுழைத்து வெளியே தொங்கவிடும் நீண்ட குழாய்கள் வந்தன. அவற்றைத் தினந்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். நீரில் நனைக்கக் கூடாது. 1982-ல் அமெரிக்காவில் ஜான் நீடர்ஹூபர் என்னும் சர்ஜனும் அவருடைய சகாக்களும், முழுவதையும் தோலுக்கடியிலேயே புதைத்துவிடும் ஏற்பாட்டைப் பற்றி வெளியிட்டார்கள். இன்று நம் ஊர்ப் பெண்மணிகள் மார்பில் தாங்கியிருக்கும் சிமிழுக்கு அதுவே பூர்வோத்தரம்.

சும்மா இருக்கும் தறி

“மாமி! மருந்தெல்லாம் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு மாதா மாதம் ஊசி?” என்று மருமகள் கேட்கிறாள். “அதுதானே! உடம்பு தேறிவிட்டது, பஸ் செலவு வேறு, ஒரு நாள் கூலியும் போகிறது” என்று மாமியார் சொல்கிறாள். இந்தச் சம்பாஷணை நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நெசவாளர் வீட்டில் இதற்கு விடை சொல்வது சுலபம்.

பாவு ஏற்றிய தறி பாதி நெசவில் நின்று போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒன்று, பாவை மூடி வைத்து, அடிக்கடி தூசி தட்டி, எலியும் ஈரமும் அணுகாமல் பார்த்துக் கொள்கிறீர்கள். அல்லது, இனி இந்தப் பாவு வேண்டாம் என்று தீர்மானித்து அறுத்து எடுத்துவிடுகிறீர்கள். இரண்டும் இல்லாமல் அப்படியே போட்டுவிட்டால் பட்டும் பாழ், ஜரிகையும் பாழ். சிமிழின் கதையும் அதுதான். அதைப் பராமரிக்கலாம், அல்லது எடுத்துவிடலாம். மறந்துவிடுவது மாத்திரம் கூடாது.

மறந்தால் என்ன ஆகும்? குழாயின் நுனி இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் அதைச் சுற்றி உறைவது இரத்தத்தின் சுபாவம். உபயோகமில்லாத குழாய்க்குள் நாளடைவில் இரத்தம் உறைந்து அடைத்துக் கொள்ளலாம். நுனியைச் சுற்றி மெல்லிய சவ்வு போல் படரலாம். அடைத்துக் கொண்ட குழாய் அவசரத்துக்கு உதவாது. உறைந்த இரத்தம் கிருமிகள் குடியேறுவதற்கும் நல்ல இடம். சில சமயம் குழாயைச் சுற்றியுள்ள பெரிய நாளமே அடைபட்டுக் கையும் கழுத்தும் வீங்கிவிடுவதும் உண்டு.

இதைத் தடுக்கத்தான் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தரம் சிமிழைக் கழுவுகிறார்கள். முதலில் சுத்தமான உப்பு நீரைச் செலுத்திக் குழாயை அலசிவிட்டு, பிறகு ஹெப்பாரின் என்னும் மருந்து கலந்த நீரைக் கொஞ்சம் உள்ளே நிறுத்திவிடுகிறார்கள். ஹெப்பாரின் இரத்தத்தை உறையவிடாது. 1916-ல் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர் ஆராய்ச்சியில் அகப்பட்ட பொருள் அது. நாயின் ஈரலிலிருந்து முதலில் கிடைத்தபடியால், ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து 1918-ல் அதற்குப் பெயரிட்டார்கள். இப்போது அதைப் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து தயாரிக்கிறார்கள். மார்க்க ஆசாரத்தினாலோ வேறு காரணத்தினாலோ இதில் தயக்கமுள்ளவர்கள் டாக்டரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். ஏனெனில், வெறும் உப்பு நீரே போதும் என்று பல ஆஸ்பத்திரிகளில் இப்போது ஹெப்பாரினை விட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை.

எத்தனை நாளைக்கு ஒரு தரம்?

இந்த விஷயத்தில் ஊருக்கு ஊர் ஒவ்வொரு விதமாகச் சொல்லக் கேட்டு வாசகர்கள் குழம்பக் கூடும். சிமிழ் செய்கிறவர்களின் பழைய விதி 4 வாரத்துக்கு ஒரு தரம் என்பது. பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகளில், 6 வாரம், 8 வாரம், 3 மாதம் என்று தள்ளிக் கழுவியபோதிலும் தொந்தரவு அதிகப்படவில்லை என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே சில ஆஸ்பத்திரிகள் மாதம் ஒரு முறை வரச் சொல்கின்றன. சில, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வரும்போதே இதையும் முடித்துவிடுகின்றன.

இதனால் ஒரு முக்கியமான சௌகரியம் இருக்கிறது. ஆரணியிலிருந்து சென்னைக்கு மாதா மாதம் போய் வர இயலாத குடும்பம், “எங்களுக்கு இடைவெளியை நீட்ட முடியுமா?” என்று தம்முடைய டாக்டரைக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. கேட்காமல் தாங்களே நீட்டிக் கொள்வதுதான் தவறு. அதேபோல், “பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியில் இதைச் செய்து கொள்ள ஒரு கடிதம் கொடுப்பீர்களா?” என்றும் கேட்கலாம். வேலூரிலோ, திருவண்ணாமலை அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ இதில் பழக்கமுள்ள நர்ஸ் இருக்கிறாரா என்று முன்னதாக விசாரித்துக் கொண்டு போனால், ஒரு நாள் வேலை அரை நாளில் முடியும்.

மாதம் ஒரு முறை என்று டாக்டர் விதித்திருந்தால், ஞாபகம் வைத்துக் கொள்ள நெசவாளர் வீடுகளில் ஒரு நல்ல வழி உண்டு. அமாவாசையன்று தறியில் உட்காருவதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறதல்லவா? ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே 29 அல்லது 30 நாள். கூலியும் கெடாது, தவணையும் தப்பாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அந்த நாளையே வைத்துக் கொள்ளலாம்.

கழுவும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வேலை பார்ப்பதற்குச் சாதாரண ஊசி போடுவது போலத்தான் தோன்றும். ஆனால் தெருக் கோடியில் ஊசி போடுகிறவரிடம் போய்ச் செய்து கொள்ளத் தக்கதல்ல. இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ஊசியே வேறு. சாதாரண ஊசியின் நுனி, சிமிழின் மூடியைக் குத்தும்போது ரப்பரைத் துளி துளியாகச் செதுக்கிவிடும். அப்புறம் அந்தத் துவாரம் மூடாது. இதற்கென்று நுனி வளைந்த ‘ஹூபர் ஊசி’ என்று ஒன்று இருக்கிறது. அது பொருளைச் செதுக்காமல் விலக்கிக் கொண்டு நுழைகிறது; எடுத்தவுடன் துவாரம் தானே மூடிக் கொள்கிறது. அதனால்தான் ஒரே மூடி ஆயிரம் குத்துக்குக் கூடத் தாங்குகிறது. ஊசியின் உறையைப் பிரிப்பதற்கு முன்பு, “இது ஹூபர் ஊசிதானே, அம்மா?” என்று நர்ஸைக் கேட்க நோயாளிக்குப் பூரண உரிமை உண்டு.

இரண்டாவது, சுத்தம். இந்தக் குழாய் இருதயத்தின் வாசலில் போய் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. கையில் போடும் ஊசியிலுள்ள அசுத்தம் கையோடு நிற்கலாம். இதிலுள்ள அசுத்தம் ஒரு நொடியில் தேகம் முழுவதும் பரவும். ஆகவே நர்ஸ் கையைக் கழுவி, கிருமியற்ற உறை அணிந்து, தோலை மருந்தினால் நன்றாகத் துடைத்து, அது உலரும் வரையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த அரை நிமிஷத்தை அவசரப்படுத்தக் கூடாது.

மூன்றாவது, அழுத்தம். சிறிய சிரிஞ்சு சிறியதுதானே, மெதுவாகப் போகும் என்று தோன்றும். உண்மை நேர் மாறானது. சிரிஞ்சு சிறுத்தால் அதில் உண்டாகும் அழுத்தம் அதிகம். அடைப்புள்ள குழாயை அது வெடிக்கச் செய்துவிடவும் கூடும். ஆகவே 10 மில்லி லிட்டர் அளவுள்ள சிரிஞ்சையே உபயோகிக்க வேண்டும். நீரை ஒரே மூச்சில் தள்ளாமல், தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்திச் செலுத்துவார்கள். அப்போது உண்டாகும் சுழலில் குழாயின் உட்புறம் நன்றாக அலசப்படுகிறது.

நான்காவது, இரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. ஊசி செருகியதும் சிரிஞ்சைச் சற்று இழுத்தால் இரத்தம் தெரிய வேண்டும். உள்ளே நீர் போகிறது, இரத்தம் மாத்திரம் வரவில்லை என்றால், குழாயின் நுனியில் சவ்வு படர்ந்திருக்கலாம். கையை உயர்த்தினால் ஓடி, தாழ்த்தினால் நிற்கிறதென்றால், குழாய் எலும்புகளுக்கிடையே நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இது அபூர்வம், ஆனால் நாளடைவில் குழாய் அறுந்து போகக் கூடுமாதலால், உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். “வராவிட்டால் பரவாயில்லை” என்று யாராவது சொன்னால், அதைக் குறித்து வைத்துக் கொண்டு சிகிச்சை செய்த டாக்டரிடம் தெரிவிப்பதே நலம். உறைந்ததைக் கரைக்க மருந்துகள் இருக்கின்றன.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வீட்டிலுள்ள எல்லோரும், நோயாளி மாத்திரமல்ல, இவற்றை மனத்தில் பதித்துக் கொள்ள வேண்டும்.

சிமிழைக் கழுவிச் சில மணி நேரத்துக்குள் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், அது குழாயிலிருந்த கிருமிகள் இரத்தத்தில் கலந்ததன் அடையாளமாயிருக்கலாம். 100.4 பாரன்ஹீட், அதாவது 38 சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சல் கண்டால், கஷாயமும் மாத்திரையும் கொடுத்து விடியட்டும் என்று இருக்கலாகாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனவுடன், “மார்பில் போர்ட் இருக்கிறது” என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், சாதாரண ஜுரம் என்று எண்ணி அனுப்பிவிடக் கூடும்.

சிமிழின் மேல் தோல் சிவந்தால், சுட்டால், வலித்தால், நீர் கசிந்தால், தோல் மெலிந்து உள்ளேயிருக்கும் உலோகம் தெரிவது போலிருந்தால், அல்லது சிமிழ் இடம் மாறியோ புரண்டோ போனதாகத் தோன்றினால், மறு நாளே காட்ட வேண்டும். அந்தப் பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்கினாலும், மார்பின் மேல் நீல நாளங்கள் புதிதாகப் புடைத்துத் தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறலும் மார்பு வலியும் வந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குச் சொல்லி வண்டியை வரவழைக்க வேண்டும்.

தறியிலும் அடுப்பங்கரையிலும்

சிமிழ் வைத்துக் கொண்டு தறியில் உட்காரலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பதித்த காயம் ஆறி, டாக்டர் உத்தரவு கொடுத்த பிறகு, சாதாரணமாய் உட்காரலாம். குளிக்கலாம்; சமைக்கலாம்; கோவிலைப் பிரதட்சிணம் செய்யலாம். ஆனால் குழித் தறியில் குனிந்து வேலை செய்யும்போது, துணி சுற்றும் மரம் மார்பில் இடிக்காதபடி பார்த்துக் கொள்ள வேண்டும். பாவுச் சுருளையும் தண்ணீர்க் குடத்தையும் அந்தப் பக்கத்துத் தோளில் தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். ரவிக்கையின் தையல் மேட்டின்மேல் உராயாமல் சற்று இடம் விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். பேரக் குழந்தை ஓடி வந்து மார்பில் முட்டினால் வலிக்கும். மற்றத் தோளில் அணைத்துக் கொண்டால் போயிற்று! வழக்கத்துக்கு மாறாக வலி கண்டால் வேலையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும்.

சிமிழ் வைத்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு சிறு அட்டை கொடுத்திருப்பார்கள். அதில் சிமிழின் ஜாதி, செய்தவர் பெயர், பதித்த தேதி எல்லாம் இருக்கும். அதைக் குடும்ப அட்டையோடும் ஆதார் அட்டையோடும் பத்திரமாக வைக்க வேண்டும். பின்னால் ஸ்கேன் எடுக்கும்போது, சிமிழ் வழியாக வேகமாய் மருந்து செலுத்தலாமா கூடாதா என்பது அந்த அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். எல்லாச் சிமிழும் அந்த வேகத்தைத் தாங்காது. காந்த ஸ்கேன் எடுக்கிறவரிடமும் அட்டையைக் காட்டிவிட வேண்டும்.

எடுப்பதா, வைத்துக் கொள்வதா?

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். சிகிச்சை முடிந்ததும் சிமிழை எடுத்துவிடலாமா?

இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. மார்பகப் புற்றுநோயில் சிலருக்குப் பெரிய மருந்துகள் முடிந்த பிறகும் டிராஸ்டுஸுமாப் என்னும் மருந்தைச் சுமார் ஒரு வருஷம் ஏற்றுவார்கள். அதுவரையில் சிமிழ் வேண்டும். வியாதி திரும்பக் கூடும் என்று டாக்டர் அஞ்சினால், சில காலம் வைத்திருக்கச் சொல்வார். கை நாளங்கள் அடியோடு கெட்டுப் போனவர்களுக்கும் அது துணை. இவையொன்றும் இல்லையென்றால், அதை வைத்துக் கொண்டு மாதா மாதம் பிரயாணமும் செலவும் கிருமி பயமும் அனுபவிப்பதைவிட எடுத்துவிடுவதே மேல் என்று பல டாக்டர்கள் அபிப்பிராயப்படுகிறார்கள்.

எடுப்பது பெரிய ஆபரேஷன் அல்ல. அநேகமாய் அந்த இடத்தை மாத்திரம் மரத்துப் போகச் செய்து, பழைய தழும்பின் மேலேயே கீறி, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தையல் ஆறும் வரையில் சில நாள் பளுத் தூக்காமலிருக்க வேண்டும்.

இவ்வளவு சுலபமாயிருந்தும், பல வீடுகளில் இதைத் தள்ளிப் போட்டுக் கொண்டே போகிறார்கள். பணமும் கூலியும் ஒரு காரணம். ஆனால் அவற்றைவிடப் பெரிய காரணம், வாய்விட்டுச் சொல்லாத பயம். “எடுத்துவிட்டால் வியாதி திரும்பி வந்துவிடுமோ?” என்று சிலர் அஞ்சுகிறார்கள். “வைத்திருந்தால் அது வியாதியை அழைக்குமோ?” என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. சிமிழ் ஒரு குழாய். அது வியாதியைக் கொண்டு வருவதுமில்லை, விரட்டுவதுமில்லை. ஆயினும் இந்தப் பயத்தைப் பரிகசிக்கக் கூடாது. மரணத்தின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்து வந்தவளுக்கு, மார்பிலுள்ள அந்தச் சிறு மேடு தினந்தோறும் கை படும் ஞாபகம். அவளுக்குத் தீர்மானிக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தில் தவணை தவறாமல் கழுவிக் கொண்டு வருவது குடும்பத்தார் கடமை. புருஷனோ மகனோ, “அதெல்லாம் அவள் பார்த்துக் கொள்வாள்” என்று ஒதுங்கக் கூடாது. எல்லோருடைய தேதியையும் ஞாபகம் வைத்திருப்பவள் தன்னுடைய தேதியை மாத்திரம் மறந்துவிடுவது நம் இல்லங்களில் சர்வ சாதாரணம்.

அம்மையாரின் ஆஸ்பத்திரி

ஒரு நெசவாளர் குடும்பம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இந்தச் சிறு உதவிக்காகப் போகும்போது, பிச்சை கேட்கப் போவது போல் கூசிக் கொண்டு போக வேண்டியதில்லை. இந்த நாட்டில் இந்த வைத்தியம் எப்படி ஏற்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அறியாதவர் யார்? 1927-ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவராயிருந்தவர். 1930-ல் காந்தி மகாத்மாவைச் சிறையிலிட்டபோது, அந்தச் சட்டசபை ஸ்தானத்தையே உதறியவர். அவருடைய தங்கை புற்றுநோயினால் இறந்தது 1923-ல். அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் மனத்தில் வைத்திருந்து, வீடு வீடாக நிதி திரட்டி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் ஒரு ஆஸ்பத்திரியைத் திறந்தார். 1952-ல் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர் பண்டித ஜவாஹர்லால் நேரு. மறு வருஷம், 1955-ல், அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும் வரையில் அந்த ஸ்தாபனத்தையே தம் வீடாகக் கொண்டிருந்தார். பணமில்லாதவனும் வைத்தியம் பெற வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட விரதம்.

சுதந்திரம் என்பது கொடியேற்றுவதோடு முடிந்துவிடவில்லை. தறிக் குழியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி உயிர் தப்பிய பிறகு, அவளுடைய சிமிழைக் கழுவ ஒரு சுத்தமான ஊசியும், பழகிய கையும் அவள் ஊருக்கு அருகிலேயே கிடைப்பதும் அதில் சேர்ந்ததுதான். ஒவ்வொரு தாலுக்கா ஆஸ்பத்திரியிலும் இரண்டு நர்ஸுகளை இதில் பழக்கி, ஹூபர் ஊசிகளை இருப்பு வைத்தால், எத்தனை பிரயாணங்கள், எத்தனை நாள் கூலி மிச்சமாகும்! இதைப் பொதுஜனங்கள் கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களும் நெசவாளர் சங்கங்களும் மனுச் செய்து கேட்க வேண்டும்.

அது வரும் வரையில், இன்று செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ சிகிச்சை முடிந்து தேறி வந்தவர் யாராவது இருந்தால், “அம்மா, அந்தப் போர்ட்டை எடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால், அடுத்த தவணை எப்போது?” என்று கேளுங்கள். பதில் உடனே வராவிட்டால், சுவரிலுள்ள தினசரிக் காலண்டரை எடுத்து வைத்துக் கொண்டு, அவரோடு உட்கார்ந்து ஒரு தேதியைக் குறித்துக் கொடுங்கள்.